சாவியைத் தேடிப் போய்ப் பூஞ்சையில் நின்ற வீட்டுப்பாடம்

வாசகர் கேள்வி – பதில்

சொற்களின் பிறப்பிடம் தேடும் வீட்டுப்பாடம் பற்றி நீலகிரியிலிருந்தும் கொடைக்கானலிலிருந்தும் வந்த கடிதங்களில் சில இங்கே. அகராதிகளோடு பழகிய தமிழாசிரியர்கள் பதில் தருகிறார்கள்.

கேள்வி: என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். பத்துச் சொற்களின் பிறப்பிடம் எழுதிவரச் சொல்லியிருக்கிறார்கள். ஏழு மணிக்குச் ‘சாவி’ என்ற சொல்லோடு உட்கார்ந்தாள். ஒன்பதரைக்குப் போய்ப் பார்த்தால் அடுப்படியில் பிரெட் பாக்கெட்டை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று தேடிக்கொண்டிருக்கிறாள். “வீட்டுப்பாடம்தாம்மா பண்றேன்” என்கிறாள். நோட்டில் ஒரு சொல்கூட ஏறவில்லை. திட்டுவதா, விட்டுவிடுவதா?
— ஒரு தாய், கோத்தகிரி

பதில்: திட்டாதீர்கள் அம்மா. அவள் சொன்னது உண்மைதான். எந்த வழியாக அடுப்படிக்கு வந்தாள் என்பதைக்கூட ஓரளவு ஊகித்துவிடலாம். சாவி போர்த்துகீசியத்திலிருந்து வந்தது. அதைத் தேடினால் அதே மொழி தந்த அலமாரி, மேசை, ஜன்னல், பேனா எல்லாம் பக்கத்திலேயே நிற்கும். பேனா என்றால் அந்த மொழியில் இறகு. இறகைச் சீவி மையில் தோய்த்து எழுதிய காலத்துப் பெயர் அது. பேனா இறகு என்றால் பென்சில் எது? இந்தக் கேள்வி எந்தப் பிள்ளைக்கும் வரும், வரத்தான் வேண்டும். ஓசை ஒட்டினாலும் இரண்டுக்கும் உறவில்லை. பென்சில் என்பது ‘பெனிசில்லஸ்’ என்ற லத்தீன் சொல்லின் வழிவந்தது, சிறு தூரிகை என்று பொருள். அதற்கும் அடியில் இருப்பது வாலைக் குறிக்கும் சொல். அதே தூரிகைதான் ‘பெனிசிலியம்’ என்ற பூஞ்சைக்கும் பெயர் கொடுத்தது. நுண்ணோக்கியில் பார்த்தால் அதன் நுனி தூரிகை மயிர் மாதிரி பிரிந்து நிற்கும். 1928இல் அலெக்ஸாண்டர் ஃபிளெமிங் அந்தப் பூஞ்சையைக் கவனித்தார், அடுத்த ஆண்டு ‘பெனிசிலின்’ என்ற பெயரை வைத்தார். அங்கிருந்து பிரெட் பாக்கெட் எட்டிப்பிடிக்கும் தூரம்தான். (பூஞ்சை பிடித்த ரொட்டியை முகர்ந்து பார்க்க மட்டும் விடாதீர்கள். ரொட்டியில் வருவதெல்லாம் பெனிசிலியம் அல்ல, வித்துகள் மூக்கில் ஏறினால் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது.)

ஏன் இப்படி ஆகிறது என்றால், சொல்லின் வேரைச் சொல்லும் எந்தக் குறிப்பும் அந்தச் சொல்லோடு நிற்காது. மூலச் சொல், அதன் உறவுச் சொற்கள், வழியில் தொட்ட மொழிகள் என்று ஒவ்வொரு குறிப்பிலும் மூன்று நான்கு கதவுகள் திறந்தே இருக்கும். பத்துச் சொல் என்றால் நாற்பது கதவு. பிள்ளைக்கு அக்கறை இல்லாததால் பாதை மாறவில்லை, அக்கறை இருப்பதால்தான் மாறுகிறது. அந்த அக்கறையைக் கெடுக்காமல் வேலையை முடிக்க வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

கைபேசியைத் தொடுவதற்கு முன்பே பத்துச் சொல்லையும் தாளில் எழுதி நான்கு கட்டம் போடச் சொல்லுங்கள்: சொல், எந்த மொழியிலிருந்து வந்தது, அங்கே அதன் வடிவமும் பொருளும், எந்த அகராதியில் பார்த்தது. கட்டம் சிறியதாக இருக்கட்டும். பெரிய இடம் விட்டால் அதை நிரப்பவே கதை தேடிப் போவார்கள். ஒரு சொல்லுக்கு எட்டு நிமிடம். ஐந்து நிமிடம் தேட, மூன்று நிமிடம் எழுத. பத்துச் சொல்லையும் ஒரே மாலையில் வைக்காதீர்கள். ஐந்து இன்றைக்கு, ஐந்து நாளைக்கு என்றால் நாளுக்கு நாற்பது நிமிடத்தில் முடியும்.

பக்கத்தில் இன்னொரு தாள் வையுங்கள். தலைப்பு ‘அப்புறம்’. பென்சில் ஞாபகம் வந்ததா, அதில் ‘பென்சில் – பேனாவுக்கு உறவா?’ என்று ஒரே வரி எழுதிவிட்டுச் சாவிக்குத் திரும்ப வேண்டும். ஐந்து சொல் முடிந்ததும் இருபது நிமிடம் அந்தத் தாளில் இருப்பதில் பிடித்ததைத் துரத்தலாம். இந்த இருபது நிமிடத்தைக் கண்டிப்பாகக் கொடுங்கள். ஒருநாள் கொடுக்காமல் ஏமாற்றினால் மறுநாள் அந்தத் தாளை அவள் நம்ப மாட்டாள், நேராகப் பென்சிலுக்கே போவாள்.

அச்சு அகராதி என்றாலும் கண் அலையும், அடுத்த வரிச் சொல் இழுக்கும். தேடும் சொல்லுக்குக் கீழே ஒரு ஸ்கேல் வைத்து மறைத்துக்கொள்வது சின்ன வேலை, நல்ல பலன். கைபேசி என்றால் புதிய பக்கம் திறக்கக் கூடாது, வீடியோ கூடாது. தென்மேற்குப் பருவ மழையில் மின்சாரமும் சிக்னலும் ஒன்றாகப் போகும் ஊர் நம்முடையது. வேண்டிய பக்கங்களைப் பகலிலேயே ஸ்கிரீன்ஷாட்டாகச் சேமித்துவிட்டால், விளக்கு போனாலும் வேலை நடக்கும். சேமித்த படத்தில் தொட்டுத் தாவ இணைப்பும் இருக்காது.

கேள்வி: சென்னைப் பல்கலைக்கழக அகராதியை இணையத்தில் திறந்தால் ஒரே எழுத்தும் குறியும் அடைப்புமாக இருக்கிறது. எதைப் பார்த்து எதை எழுதுவது? ‘ஜன்னல்’ தேடினால் சில சமயம் கிடைப்பதும் இல்லை.
— ஒன்பதாம் வகுப்பு மாணவர், குன்னூர்

பதில்: நீ திறந்த அகராதியின் பெயர் தமிழ் லெக்சிகன். அது 1924இலிருந்து 1936க்குள் ஆறு தொகுதிகளாக வந்தது, பிறகு ஓர் இணைப்புத் தொகுதி. 1926 முதல் பதிப்பாசிரியராக இருந்தவர் ச. வையாபுரிப்பிள்ளை. தாளை மிச்சப்படுத்தச் சுருக்கக் குறிகளாக அச்சிட்டார்கள், அதுதான் மிரட்டுகிறது. பழகினால் பத்து நிமிடத்தில் பிடிபடும்.

தலைச்சொல், அதன் ஒலிபெயர்ப்பு, பெயரா வினையா என்ற குறி. அதையடுத்து இடப்பக்கம் கூர் காட்டும் அம்புக்குறி வந்தால் ‘இதிலிருந்து வந்தது’ என்று பொருள். உன் இரண்டாம் கட்டத்துக்கும் மூன்றாம் கட்டத்துக்கும் வேண்டியது அதற்குப் பின்னால் இருக்கிறது. அம்புக்குறி இல்லையென்றால் வேற்றுமொழி மூலம் காட்டப்படவில்லை என்று கொள்.

சதுர அடைப்புக்குள் இருப்பது வேறு. அவை உறவுச் சொற்கள். ஆங்கில எழுத்து ‘கே’ என்றால் கன்னடம், ‘டி’ தெலுங்கு, ‘எம்’ மலையாளம். மாணவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். அடைப்புக்குள் தெலுங்குச் சொல்லைப் பார்த்ததும் ‘தெலுங்கிலிருந்து வந்தது’ என்று எழுதிவிடுகிறார்கள். அது உடன்பிறப்பு, பெற்றவள் இல்லை.

ஜன்னலைப் பொறுத்தவரை, ‘ஜ’வில் இல்லாவிட்டால் ‘ச’வில் தேடு. சன்னல் என்றும் எழுதுவார்கள். மேஜைக்கு மேசை, அலமாரிக்கு அலுமாரி என்று ஒவ்வொன்றுக்கும் இரண்டு எழுத்து வடிவத்தையாவது முயன்ற பிறகுதான் ‘கிடைக்கவில்லை’ என்று முடிவு கட்ட வேண்டும்.

இரண்டாவது ஆதாரமாக, சொல்லுக்கு வேற்றுமொழி மூலம் இல்லையென்றால் பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியைப் பார். முதல் பதிப்பு 1961, திருத்திய பதிப்பு 1984. ஒவ்வொரு சொற்கூட்டத்துக்கும் ஓர் எண் உண்டு, நோட்டில் அந்த எண்ணைக் குறித்தால் ஆசிரியர் நொடியில் சரிபார்ப்பார். இதில் ‘கோ’ என்று சுருக்கமாக வருவது நம் மலையின் கோத்தர் மொழி. குடகு மொழிக்கும் கோலாமிக்கும் வேறு சுருக்கங்கள். மூன்றையும் குழப்பிக்கொள்ளாதே. தொகுத்தவர்களில் ஒருவரான மரே எமனோ 1930களில் நீலகிரியில் தங்கி, கோத்தர் மொழியையும் தோடர் மொழியையும் பேசுபவர்களிடமே கேட்டு எழுதிக்கொண்டவர். இந்திய மொழிகளுக்கே பயன்படும் ஓர் அகராதியில் உன் பக்கத்து ஊர்ப் பேச்சு வரிக்கு வரி வருகிறது. அந்தப் பக்கங்களைப் புரட்டும்போது மட்டும் ‘அப்புறம்’ தாளைக் கொஞ்சம் பெரிதாக வைத்துக்கொள்.

கேள்வி: பையன் ‘உதகமண்டலம்’ என்ற பெயருக்குக் காரணம் தேடினான். ஐந்து இடத்தில் ஐந்து கதை. ஒற்றைக்கல் என்கிறார்கள், தண்ணீர் என்கிறார்கள், மூங்கில் என்கிறார்கள். கடைசியில் ஊரின் பழைய படங்களைப் பார்த்துக்கொண்டே தூங்கிவிட்டான். எதை எழுதச் சொல்வது?
— ஒரு தந்தை, ஊட்டி

பதில்: ஊர்ப்பெயரில் முதலில் கேட்க வேண்டியது ‘என்ன பொருள்’ என்பதல்ல, ‘எழுத்தில் கிடைக்கும் பழைய வடிவம் எது’ என்பது. 1821 மார்ச்சில் ‘மெட்ராஸ் கெஜட்’டில் வந்த ஒரு கடிதத்தில் இந்த ஊர் ‘வோட்டோக்கிமண்ட்’ என்று வருகிறது. காதால் கேட்டதை வெள்ளைக்காரர் எழுதிய விதம் அது. அதில் ‘மண்டலம்’ இல்லை, ‘மண்ட்’தான் இருக்கிறது. ஆகவே மண்டலம் என்பது பிறகு சீர்செய்த வடிவம். உதகம் என்றால் நீர், மண்டலம் என்றால் வட்டாரம் என்று பிரித்துச் சொல்லும் விளக்கம் அந்தப் புது வடிவத்துக்குத்தான் பொருந்தும், பழைய பெயருக்குப் பொருந்தாது.

‘மண்ட்’ என்பது மந்து, தோடர் குடியிருப்பு. தோடர்கள் தங்கள் மொழியில் ‘மொத்’ என்பதுபோல ஒலிப்பார்கள். திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி இதைத் தமிழ் மன்று, மந்தை ஆகியவற்றோடு ஒரே கூட்டத்தில் வைக்கிறது. ஆட்கள் கூடும் இடம் மன்று, மாடுகள் கூடும் இடம் மந்தை, எருமையும் மனிதரும் சேர்ந்திருக்கும் இடம் மந்து. உங்கள் மகன் இந்த ஒரு வரியை எழுதினாலே பாதி மதிப்பெண் வாங்கிவிட்டான்.

முதல் பாதிக்கு ‘ஒத்தைக்கல்’ என்ற விளக்கம் பரவலாகச் சொல்லப்படுகிறது, முடிந்த முடிவு அல்ல. அப்படியே எழுதட்டும்: ‘பின்பகுதி மந்து என்பது தெளிவு. முன்பகுதி பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. ஒற்றைக்கல் என்பது ஒரு விளக்கம்.’ இப்படி எழுதினால் குறையாகிவிடுமோ என்று பயப்பட வேண்டாம். ‘மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா’ என்று தொல்காப்பியமே சொல்லிவைத்திருக்கிறது. சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள காரணம் பார்த்தவுடன் புலப்படாது. தெரிந்ததற்கும் தெரியாததற்கும் நடுவே கோடு போடத் தெரிந்த பிள்ளையின் விடைதான் நல்ல விடை.

இதே வழியில் தொட்டபெட்டா எளிது. தொட்ட என்றால் பெரிய, பெட்ட என்றால் மலை. படுகர்கள் பேசும் படுகு, கன்னடம் இரண்டிலும் அதே பொருள். 2,637 மீட்டர் உயரத்துக்குப் பொருத்தமான பெயர்தான்.

கேள்வி: கொடைக்கானலில் இருக்கிறோம். பழனி என்பது ‘பழம் நீ’ என்பதிலிருந்து வந்தது என்று பேத்தி எழுதினாள். ஆசிரியர் அடித்துவிட்டார். தலபுராணம் தப்பா?
— ஒரு பாட்டி, கொடைக்கானல்

பதில்: புராணம் புராணமாகச் சரி அம்மா, அதைச் சொல்லிக்கொடுப்பதை நிறுத்த வேண்டாம். சொற்பிறப்பு என்ற கட்டத்தில் மட்டும் அதைப் போட முடியாது. அகநானூற்றின் முதல் பாட்டிலேயே ஆவி என்ற தலைவனின் ஊராகப் ‘பொதினி’ வருகிறது. அதுவே பழனி ஆயிற்று என்பது ஒரு கருத்து. வயலைக் குறிக்கும் ‘பழனம்’ என்ற சொல்லோடு சேர்ப்பது இன்னொன்று. பேத்தி இந்த இரண்டையும் எழுதி, ‘பழம் நீ என்பது மக்கள் வழங்கும் விளக்கம்’ என்று மூன்றாவதாகச் சேர்த்துக் கொடுக்கட்டும்.

கேள்வி: எங்கள் பள்ளியில் படுகர் வீட்டுப் பிள்ளைகள் நிறைய. வீட்டில் பேசும் சொற்களை இந்த வீட்டுப்பாடத்துக்குப் பயன்படுத்தலாமா? அவர்களும் தயங்குகிறார்கள்.
— ஓர் ஆசிரியை, நீலகிரி

பதில்: தயங்கவே வேண்டாம். இந்த வீட்டுப்பாடத்தில் அந்தப் பிள்ளைகளுக்குத்தான் முதல் அடி முன்னால் இருக்கிறது. சமவெளிப் பிள்ளைகள் அகராதியில் தேடுவதை அவர்கள் பாட்டியிடம் கேட்டுவிடலாம்.

மூன்று ஒலிமாற்றங்களைக் கரும்பலகையில் எழுதுங்கள். முதலாவது, தமிழில் சொல்லின் முதலில் வரும் ‘ப’ படுகு மொழியில் ‘ஹ’ ஆகும். பால் – ஹாலு, பல் – ஹல்லு, பத்து – ஹத்து, புலி – ஹுலி. படுகுக்கு நெருங்கிய உறவான கன்னடத்தில் பத்தாம் நூற்றாண்டை ஒட்டித் தொடங்கிய மாற்றம் இது. இப்போது பிள்ளைகளின் ஊருக்கே வாருங்கள். படுகர் ஊர் ‘ஹட்டி’. ஹ-வை எடுத்துப் ப-வைப் போட்டால் பட்டி! உசிலம்பட்டியும் கோவில்பட்டியும் முடியும் அதே பட்டிதான். மாட்டுக் கொட்டிலையும் ஆட்டுக் கிடையையும் குறித்த சொல், பிறகு சிற்றூருக்கு ஆயிற்று.

இரண்டாவது, தமிழ் ‘வ’ அங்கே ‘பஸ்’ஸில் வரும் ‘ப’. வா – பா, வில் – பில்லு, வெல்லம் – பெல்ல, வெள்ளி – பெள்ளி. படுகர் என்ற பெயரே வடகு, அதாவது வடக்கு என்பதன் இந்த வடிவம்தான். வடக்கேயிருந்து வந்தவர்கள் என்று பொருள். மூன்றாவது, இ, எ போன்ற உயிர்களுக்கு முன்னால் தமிழில் ‘ச’ இருக்கும் இடத்தில் அங்கே ‘க’ நிற்கும். செவி – கிவி, சேரி – கேரி. இங்கே பழைய ஒலியைக் காப்பாற்றி வைத்திருப்பது அவர்கள் பேச்சு, மாறியது தமிழ். இதைப் பிள்ளைகளிடம் அழுத்திச் சொல்லுங்கள். வீட்டுப் பேச்சு ‘கொச்சை’ என்று யாராவது சொல்லிக் கேட்டிருந்தால் அந்த எண்ணம் அன்றே போய்விடும்.

இந்த மூன்றாவது விதியோடு கோத்தகிரியையும் பார்க்கலாம். ‘கிரி’ என்பதை மலை என்று எல்லோரும் எழுதுவார்கள். கோத்தர் கேரி, அதாவது கோத்தர்கள் வீடுகள் வரிசையாக இருக்கும் தெரு என்பதே பழைய விளக்கம். கேரி என்றால் சேரி என்று மேலே பார்த்தோமே, அதுதான்.

ஒன்று கவனம். விதி பிடிபட்டதும் பிள்ளைகள் எதைக் கண்டாலும் மாற்றிப் பார்ப்பார்கள், வகுப்பே சிரிப்பாகிவிடும். பஸ் என்பதை வஸ் ஆக்குவார்கள், பேப்பரை ஹேப்பர் ஆக்குவார்கள். சிரிக்க விடுங்கள், பிறகு காரணம் சொல்லுங்கள். மாற்றம் நடந்த காலத்தில் மொழியில் இருந்த சொற்கள்தான் மாறின, பின்னால் வந்தவை மாறவில்லை. கன்னடத்தில் பூஜை, புஸ்தகம், பத்திரம் எல்லாம் ப-வாகவே நிற்பது வடமொழியிலிருந்து எடுத்த சொற்கள் என்பதால்தான். மாறாமல் நிற்பதும் ஒரு தடயம்.

கேள்வி: ‘தேயிலை’ என்பது தேய்த்து எடுக்கும் இலை என்று தம்பி எழுதியிருக்கிறான். பேக்டரியில் உருட்டித் தேய்ப்பதைப் பார்த்திருக்கிறான். சரியா?
— கல்லூரி மாணவி, கூடலூர்

பதில்: கண்ணால் பார்த்ததை வைத்து யோசித்திருக்கிறான், பாராட்டுங்கள். ஆனால் சரியல்ல. ‘தே’ என்பது சீனாவின் ஃபூஜியன் கடற்கரைப் பேச்சில் அந்தச் செடிக்கு உள்ள பெயர். டச்சு வணிகர்கள் கடல்வழியாக எடுத்துச் சென்ற வடிவம் அது, ஆங்கில ‘டீ’யும் அதுவே. தமிழில் அதோடு இலை சேர்ந்தது. சீனத்தின் பிற வட்டாரங்களில் ‘சா’ என்பார்கள். தரைவழியாகப் போனது ‘சாய்’ ஆயிற்று. உங்கள் கூடலூர்க் கடைகளில் மலையாளம் பேசுபவர்கள் கேட்கும் சாயாவும் அந்தக் கிளைதான். ஒரே செடி, இரண்டு வழி.

கேள்வி: உலகத்தில் உள்ள பாதிச் சொற்கள் தமிழ் என்று வாட்ஸப்பில் ஒரு பட்டியல் வந்தது. எட்டு – எய்ட், ஒன்று – ஒன் என்று போகிறது. மகன் நூறு சொல்லை அதிலிருந்து எழுதிவிட்டான். கேட்டது பத்துதான்.
— ஒரு தந்தை, வெலிங்டன்

பதில்: நூறையும் அப்படியே வைத்துவிட்டுப் பத்தைச் சலித்தெடுக்கச் சொல்லுங்கள். மூன்று கேள்வி போதும். பொருள் பொருந்துகிறதா? யார், எந்த வழியாகக் கொண்டுபோனார்கள்? இரண்டு மொழியிலும் பழைய வடிவம் எது?

மூன்றாவது கேள்வியில்தான் ‘எட்டு’ விழும். எண்பது, எண்ணாயிரம் என்று சொல்லிப் பார்த்தால் தமிழில் அதன் அடி ‘எண்’ என்று தெரியும். ஆங்கிலச் சொல்லோ லத்தீன் ‘ஆக்டோ’, வடமொழி ‘அஷ்ட’ இவற்றின் உறவு. பின்னோக்கிப் போகப் போக இரண்டும் விலகுகின்றன. உறவு என்றால் பின்னோக்கிப் போகும்போது நெருங்க வேண்டும். ‘ஒன்று – ஒன்’ என்பதும் இப்படித்தான். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லின் பழைய வடிவம் ‘ஆன்’.

தமிழிலிருந்து போனவை என்று தைரியமாக எழுதத் தகுந்தவை இருக்கின்றன. கட்டுமரம் ஆங்கிலத்தில் பதினேழாம் நூற்றாண்டின் முடிவிலேயே வந்துவிட்டது. சுருட்டு, மிளகுத்தண்ணீர், கறி, மணிக்கல்லான குருந்தம், இவையும் அப்படியே. நம் மலைக்காட்டுச் சோலையும் ஆங்கிலத் தாவரவியல் நூல்களில் ‘ஷோலா’ ஆகிவிட்டது. தேக்கு, வெற்றிலை, கயிறு, கொப்பரை ஆகியவை தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொதுவானவை. ஐரோப்பாவுக்குப் போனது மலையாளக் கரை வழியாக என்பதால் ‘மலையாளம்’ என்று எழுதுவதே முறை. அரிசி, இஞ்சி இரண்டிலும் அறிஞர்களிடையே வாதம் உண்டு, எட்டாம் வகுப்பு நோட்டுக்கு அவை வேண்டாம். சோலையை மட்டும் விட்டுவிடாதீர்கள். வெலிங்டனில் இருந்துகொண்டு அதை எழுதாமல் போகலாமா?

கேள்வி: டச்சுச் சொற்கள் எழுதச் சொன்னார்கள். ‘கக்கூஸ்’ எழுதினேன். வகுப்பே சிரித்தது. அடித்துவிடட்டுமா?
— ஏழாம் வகுப்பு மாணவர், அருவங்காடு

பதில்: அடிக்காதே. டச்சு மொழியில் ‘காக்ஹாய்ஸ்’ என்பதுதான் அது, ‘ஹாய்ஸ்’ என்றால் வீடு. முன்பாதிக்கு விளக்கம் தேவையில்லை. பழவேற்காட்டிலும், 1658 முதல் நாகப்பட்டினத்திலும் டச்சுக்காரர்கள் இருந்தார்கள் என்பதை வழியாக எழுது. கூடவே ‘துட்டு’ சேர்த்துக்கொள். ‘டாய்ட்’ என்பது அவர்களுடைய செப்புச் சில்லறைக் காசு.

கேள்வி: புத்தகமே இல்லாமல், வெளியில் நடந்துகொண்டே பிள்ளைகளுக்குச் சொற்பிறப்பு காட்ட முடியுமா? ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கைபேசி கிடையாது.
— ஒரு பெற்றோர், கேத்தி

பதில்: முடியும், உங்கள் ஊரில் மிக நன்றாக முடியும். கற்பூர மரத்தடிக்குக் கூட்டிப் போங்கள். புத்தகப் பெயர் யூகலிப்டஸ். கீழே உதிர்ந்து கிடக்கும் மொட்டுகளில் ஒன்றை எடுத்துக் கொடுங்கள். வெளிறிய நீலச் சாம்பல் பூச்சு, மேடு மேடான தோல், பம்பரத்தைக் கவிழ்த்தது போன்ற உருவம். மேல்பாதி ஒரு மூடி. நகத்தால் நெம்பினால் கழன்று வரும். உள்ளே மகரந்தத் தாள்கள் மடங்கி நெருக்கிக்கொண்டிருக்கும். மரத்தில் பூ விரியும்போது இந்த மூடிதான் கழன்று விழுகிறது. கிரேக்க மொழியில் ‘யூ’ என்றால் நன்றாக, ‘கலிப்டோஸ்’ என்றால் மூடப்பட்டது. 1788இல் பிரெஞ்சுத் தாவரவியலாளர் லெரிதியே இந்தப் பெயரை வைத்தது இந்த மூடியைப் பார்த்துத்தான். முற்றிய காயில் மூடி இருக்காது, பிள்ளை ஏமாந்துபோகும். மூடியோடு இருக்கும் மொட்டாகத் தேடுங்கள்.

தொட்டபெட்டா பக்கம் போனால் சிங்கோனாவைச் சொல்லலாம். 1860களில் மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்து எடுக்க இந்த மலையில் நட்ட மரம். லின்னேயஸ் 1742இல் ஸ்பெயினின் சிஞ்சோன் சீமாட்டி பெயரால் அதற்குப் பெயரிட்டார், ஆனால் எழுத்துக்கூட்டில் ஓர் எழுத்து விட்டுப்போயிற்று. அந்தப் பிழை அப்படியே நிலைத்துவிட்டது. அந்தச் சீமாட்டிக்குக் காய்ச்சல் குணமானது என்ற கதைக்கு ஆதாரம் இல்லை. மருந்தான ‘குவினைன்’ வேறு வேர். பெரு நாட்டு மலைமக்களின் கெச்சுவா மொழியில் ‘கினா’ என்றால் பட்டை.

கேள்வி: இந்த வீட்டுப்பாடத்தைக் கொடுக்கும் ஆசிரியர் நான். பாதிப் பேர் ஒரே விடையைப் பார்த்து எழுதுகிறார்கள், மீதிப் பேர் எங்கேயோ போய் எதையோ எழுதுகிறார்கள். எப்படிக் கொடுத்தால் சரிவரும்?
— தமிழாசிரியர், குந்தா

பதில்: பத்துச் சொல் அதிகம் ஐயா. நான்கு கொடுங்கள். வேற்றுமொழியிலிருந்து வந்த ஒரு சொல், அண்டை மொழிகளில் உறவு உள்ள ஒரு தமிழ்ச்சொல், பக்கத்து ஊர்ப்பெயர் ஒன்று, மாணவரே தேர்ந்தெடுப்பது ஒன்று. சொல்லுக்கு ஐந்து மதிப்பெண்: மூலமொழிக்கு ஒன்று, மூல வடிவத்துக்கும் பொருளுக்கும் ஒன்று, வந்த வழிக்கு ஒன்று, ஆதாரத்துக்கு இரண்டு. ஆதாரத்துக்குக் கூடுதல் கொடுத்தால்தான் அகராதியைத் திறப்பார்கள். ‘இணையம்’ என்று எழுதினால் சுழியம் என்று முதலிலேயே அறிவித்துவிடுங்கள், அகராதியின் பெயர் வேண்டும். ‘உறுதியில்லை’ என்று காரணத்தோடு எழுதியவருக்கு முழு மதிப்பெண் கொடுங்கள். இல்லையென்றால் எல்லோரும் ஒரு கதையைக் கட்டிவிடுவார்கள்.

எல்லோருக்கும் ஒரே சொல் கொடுக்காமல் வரிசைப்படி பிரித்துக் கொடுங்கள். பாத்திரம், பண்டம் என்றால் கோப்பை, பீப்பாய், அலமாரி, மேசை. அலுவலகம் என்றால் வக்கீல், தாசில்தார், ரசீது, வசூல், ராஜினாமா. இவை அரபியிலும் பாரசீகத்திலும் தொடங்கி உருது வழியாக வந்தவை. உறவுச் சொற்களுக்குப் புலி, பால், செவி, மன்று. ஊர்ப்பெயருக்கு அவரவர் ஹட்டி. ‘அப்புறம்’ தாளுக்கு மதிப்பெண் வேண்டாம், ஆனால் வகுப்பின் கடைசி ஐந்து நிமிடத்தில் விரும்பியவர்கள் வாசிக்கட்டும். அதற்காகவே பலர் நான்கு சொல்லையும் முடித்துவிட்டு வருவார்கள். அன்னாசி என்ற சொல்லை மட்டும், நன்றாகப் படிக்கும் பிள்ளைக்கு, சனிக்கிழமை பார்த்துக் கொடுங்கள். அது போர்த்துகீசியத்தோடு நிற்காமல் தென் அமெரிக்காவின் துப்பி மொழி வரை போகும். வார நாளின் ஒரு மாலைக்குள் அந்தப் பிள்ளை திரும்பி வராது.